ஆறாம் வாய்க்காலும் அறுபத்துநாலு மட்டையும்

அத்தியாயம் 4

"நாலு மணிக்குள்ளை கள்ளனைப் பிடிக்கோணும் எண்டால், அக்கா, ரெண்டு மணிக்காவது நீங்கள் காரை விட்டு இறங்கோணும்," என்றான் மரியநேசன்.

இராசமலர் இறங்குகிற மாதிரித் தெரியவில்லை. மொறிஸ் மைனரின் கண்ணாடியை அரைவாசி இறக்கிவிட்டு, கிளிநொச்சி ஆறாம் வாய்க்கால் நீர்ப்பங்கீட்டுக் கந்தோரின் வாசலில் நின்ற சனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வவுனியாக் கடைத்தெருவில் பதினெட்டு வருடம் பிடவைக் கடை நடத்தினவள். பேரம் பேசிப் பேசியே, பொய் சொல்லுகிறவனுக்கு முகத்தில் எந்த இடத்தில் முதலில் வியர்க்கும் என்று படித்து வைத்திருந்தாள். அந்தப் படிப்பை நம்பித்தான் களவு, வழக்கு, காணாமற்போன மாடு என்று ஊர்ச்சனம் இப்போது அவளைத் தேடி வந்தது. மரியநேசன் முல்லைத்தீவுக் கடற்கரைக்காரன், மூன்று பிள்ளைகளின் தகப்பன். கடைக்குக் கார் ஓட்ட வந்தவன், துப்பறியவும் கூட ஓடினான். அவனுக்குக் கிடைத்தது சாரதியின் சம்பளம். வாய் மட்டும் வழக்காடும் அப்புக்காத்தின் வாய்.

"உதிலை நிக்கிற இருபது பேரிலை எத்தினை பேர் கோவமாய் நிக்கினம், சொல்லு பாப்பம்," என்றாள் இராசமலர்.

"எல்லாரும்தான்."

"பதினொரு பேருக்குக் கோவம். மற்ற ஒன்பது பேரும் கோவம் மாதிரி நிக்கினம். சீலை மலிவாய்க் கிடைச்சிட்டுது எண்டு தெரிஞ்சவைதான் கடை வாசலிலை நிண்டு விலை கூட எண்டு முணுமுணுக்கிறவை."

"அப்ப ஒன்பது கள்ளரோ?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை. ஒரு கள்ளி எண்டுதானே எங்களுக்குச் சொன்னவை?" என்றபடி அவள் கதவைத் திறந்தாள்.

விஷயம் இதுதான். ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தெட்டாம் ஆண்டுச் சிறுபோகம். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் குறைவு. ஆறாம் வாய்க்காலில் அறுபத்துநாலு காணிகள். எந்தக் காணிக்கு எத்தனை மணித்தியாலம் தண்ணீர் என்ற பட்டியலை முன்பெல்லாம் இரண்டு எழுதுவினைஞர்கள் ஒரு மாதம் மூளையைக் கசக்கித் தயாரிப்பார்கள். இந்த முறை அந்த வேலை கொழும்பில் ஒரு கொம்பியூட்டருக்குப் போனது. காணிக்கு ஒரு கடதாசி மட்டையாக, மணித்தியாலக் கணக்கை ஓட்டையாகக் குத்தி அனுப்பியவள் கந்தோரில் வேலை செய்யும் கமலாசனி. பட்டியல் அச்சாகி வந்தது. வாய்க்கால் சங்கத் தலைவர் ஐயாத்துரையின் முதலாம் காணிக்குப் பூச்சியம். பதினேழாம் காணிக்கு, அதுவும் இரண்டே ஏக்கருக்கு, ஒன்பது மணித்தியாலம். அந்தக் காணிக்காரர் கனகலிங்கம், கமலாசனியின் சொந்தத் தாய்மாமன்.

நாளை விடியக் குளத்தின் மதகை, துருசை, திறக்கிறார்கள். இன்று நாலு மணிக்குச் சங்கம் கூடுகிறது. கூடியதும் கமலாசனியை வேலையை விட்டு அனுப்பும் கடிதத்தில் கந்தோர்ப் பொறுப்பாளர் மயில்வாகனம் கையெழுத்து வைப்பார்.

கடிதம் ஏற்கெனவே தட்டச்சாகி அவருடைய மேசையில் கண்ணாடிக் குண்டின் கீழ்க் கிடந்தது. மயில்வாகனம் கெட்ட மனிதரல்ல. மேலே உள்ளவர்களிடமும் பயம், கீழே உள்ளவர்களிடமும் பயம், நடுவில் தன் கதிரை போய்விடுமோ என்றும் பயம்.

கமலாசனி மட்டை குத்தும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் கட்டியிருந்த அலரிப்பூ நிறச் சேலை முதற் சம்பளத்தில் இராசமலரின் கடையில் எடுத்தது. அந்தப் பழக்கத்தில்தான் கடிதம் எழுதி உதவி கேட்டிருந்தாள்.

"அக்கா, மாமாவுக்கு நான் மூண்டு மணித்தியாலம்தான் குத்தினனான். ஒரு மட்டையையும் மாத்தேல்லை."

"மாமாவோடை எப்பிடிப் பழக்கம்?"

"கிழமைக்கு ரெண்டு தரம் மாமா வீட்டிலைதான் சாப்பாடு."

மரியநேசன் நெற்றியில் கை வைத்தான். "தங்கச்சி, உங்களுக்கு எதிராய்ச் சாட்சி சொல்ல வேறை ஒருத்தரும் தேவையில்லை."

"பொய் சொல்லத் தெரியாத பிள்ளை," என்று இராசமலர் அவனுக்கு மட்டும் கேட்கச் சொன்னாள். "களவு எடுக்கிறதுக்கு அந்த ஒரு தகுதியாவது வேணும்."

அறையில் இன்னொரு பெண்ணும் இருந்தாள். மூக்குக் கண்ணாடி, ஒற்றைப் பின்னல், இரவு மெயில் ரயிலில் நித்திரை கெட்ட கண். பேர் அருந்ததி. கொழும்பு இயந்திரத்துக்குக் கட்டளை எழுதியவள் அவள்தான். போன மட்டைக் கட்டையும் கையோடு திருப்பிக் கொண்டுவந்திருந்தாள்.

"பிள்ளை, உங்கடை இயந்திரம் பிழை விடுமோ?" என்று இராசமலர் கேட்டாள்.

"அது சொன்னதைச் செய்யும், அக்கா. சொன்னதை மட்டும்தான் செய்யும்."

"என்ரை மனிசி நேர் எதிர். நான் சொல்லாததை மட்டும்தான் செய்வா," என்றான் மரியநேசன்.

அருந்ததி சிரிக்கவில்லை. ஆனால் கதிரையை இழுத்து அவன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "இயந்திரம் எண்டு வெளியிலை தெரியிறது வெறும் இரும்பும் வயரும். அதுக்குள்ளை மூண்டு பேர் வேலை செய்யினம் எண்டு வையுங்கோ. ஆக்கள் இல்லை, வரிசையாய் எழுதி வைச்ச கட்டளைகள். புறோகிறாம் எண்டு சொல்லுவம். முதலாவது ஆள் மேற்பார்வையாளர். இயந்திரத்தோடையே வாறவர். மட்டையை எப்ப வாங்குறது, அச்சடிக்கிற பெட்டியை எப்ப தட்டி எழுப்புறது, ஆரின்ரை வேலையை முதல் விடுறது, எல்லாம் அவர்தான். ஆனால் அவருக்கு நெல்லும் தெரியாது, தண்ணி முறையும் தெரியாது."

மரியநேசன் மயில்வாகனத்தைப் பார்த்தான். மயில்வாகனம் யன்னலைப் பார்த்தார்.

"ரெண்டாவது ஆள் மொழிபெயர்ப்பாளர். நான் மனிசருக்கு விளங்குற மாதிரி எழுதுறதை இயந்திரத்தின்ரை பாஷைக்கு மாத்துறவர்."

"கோட்டிலை நீதவானுக்கு மொழிபெயர்க்கிற முதலியார் மாதிரி," என்றான் மரியநேசன்.

"ஓம். ஆனால் இவர் தன்ரை சொந்தக் கதையைச் சேர்க்கிறேல்லை. மூண்டாவதுதான் நான் எழுதினது, இந்த வாய்க்காலுக்கு எண்டே. அறுபத்துநாலு காணிக்காரரின்ரை பேரும் கொழும்பிலை வரிசையாய் இருக்கு. கமலாசனி அனுப்புற கட்டிலை முதல் மட்டையை எடு, முதலாம் காணிக்கு நேரை போடு. அடுத்த மட்டையை எடு, ரெண்டாம் காணிக்குப் போடு. அறுபத்துநாலாம் காணி முடிஞ்சால் நில். அவ்வளவும்தான் என்ரை கட்டளை."

"மட்டையிலை காணி இலக்கம் இருக்கே?" இராசமலர் எட்டிப் பார்த்தாள்.

"அது ஓரத்திலை மையாலை எழுதினது, மனிசர் பார்க்கிறதுக்கு. இயந்திரத்துக்கு மை தெரியாது. ஓட்டை மட்டும்தான் தெரியும்."

"சோதிச்சுப் பார்த்தனியளோ?"

"சித்திரையிலை பத்து மட்டை அனுப்பச் சொல்லிப் பார்த்தனான். பத்தும் சரி. வைகாசியிலைதான் முழுக் கட்டு வந்தது."

இராசமலர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு முழத்தைத் தோய்ச்சுப் பாத்தன், சாயம் போகேல்லை. முழுச் சிப்பத்தையும் தோய்க்கேக்கை சாயம் போச்சு. அப்ப நான் துணியைத் திட்டமாட்டன். ரெண்டாம் தரம் தோய்க்கேக்கை தொட்டியிலை என்ன கூட விழுந்தது எண்டு கேப்பன். சித்திரைக்கும் வைகாசிக்கும் இடையிலை என்ன மாறினது?"

அருந்ததி கண்ணாடியைக் கழற்றி அவளை நன்றாகப் பார்த்தாள். "எங்கடை வேலையிலையும் முதற் கேள்வி அதுதான், அக்கா. ஆனால் ஒண்டும் மாறேல்லை."

"ஒண்டும் மாறேல்லை," என்றாள் கமலாசனி.

"ஒண்டுமே மாறேல்லை," என்றார் மயில்வாகனம்.

"மூண்டு பேர் ஒரு விலையைச் சொன்னால் மூண்டு பேரும் ஒரே இடத்திலை விசாரிச்சிருக்கினம்," என்று முணுமுணுத்தாள் இராசமலர். "பட்டியலைத் தாங்கோ. எந்தக் காணிக்கு எத்தினை எண்ட உங்கடை பதிவேட்டையும் தாங்கோ."

இரண்டையும் மேசையில் பக்கத்துப் பக்கமாக விரித்தாள். மரியநேசன் அவள் தோளுக்கு மேலால் பார்த்தான். பதிவேட்டின்படி முதலாம் காணிக்கு எட்டு, இரண்டாம் காணிக்கு நாலு, மூன்றாம் காணிக்கு ஆறு. அச்சுப் பட்டியலில் முதலாம் காணிக்குப் பூச்சியம், இரண்டாம் காணிக்கு எட்டு, மூன்றாம் காணிக்கு நாலு. இராசமலரின் விரல் கீழே இறங்கியது. பதிவேட்டில் பதினாறாம் காணிக்கு ஒன்பது, பதினேழுக்கு மூன்று. பட்டியலில் பதினேழுக்கு ஒன்பது, பதினெட்டுக்கு மூன்று.

"பொறுப்பாளர் ஐயா, பிழை எண்டு நீங்கள் எத்தினை வரியைப் பார்த்தனியள்?"

"முறைப்பாடு வந்த ரெண்டு வரியையும்தான்," என்றார் மயில்வாகனம்.

"அறுபத்துநாலு வரியும் பிழை. தண்ணி கூடக் கிடைச்சவன் வாய் திறக்கேல்லை, குறையக் கிடைச்சவன் தன்ரை வரியை மட்டும் பாத்தான். ஆனால் வடிவாய்ப் பாருங்கோ. இதிலை பூச்சியத்தைத் தவிர ஒரு எண்ணும் புதுசு இல்லை. எல்லாம் பக்கத்துக் காணிக்காரன்ரை எண்."

மரியநேசனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்கடை மாதா கோயில்லை நடக்கிறதுதான், அக்கா. பூசைக்குப் பிந்தி வந்த ஒருத்தன் வாங்குப் பலகையின்ரை நுனியிலை வந்து குந்தினால், அந்த வாங்கு முழுக்க ஒரு ஆள் தள்ளி இருக்கோணும். கடைசி ஆள் நிலத்திலை."

இராசமலர் சட்டென்று திரும்பினாள். "ஆர் வந்து குந்தினது?"

"நான் சும்மா பகிடிக்குச் சொன்னனான்."

"பகிடி சரியான இடத்திலைதான் விழுந்திருக்கு. வரிசையின்ரை தலையிலை ஒருத்தன் வந்து இருந்திட்டான். ஆர்?"

மயில்வாகனம் செருமினார். "அம்மா, தள்ளினது கமலாசனி எண்டுதானே சங்கமே சொல்லுது. மாமனுக்கு ஒன்பது விழுற மாதிரித் தள்ளியிருக்கலாம். உது அவவுக்கு இன்னும் பாதகம்." கண்ணாடிக் குண்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், கடிதம் பறந்துவிடுமோ என்ற மாதிரி. கமலாசனியின் முகம் வெளிறியது. மணி இரண்டே முக்கால்.

"மட்டைக் கட்டைச் சரி பாத்தனியளோ?"

"காலமை மூண்டு பேரும் இருந்து பாத்தம்," என்றாள் அருந்ததி. "ஒவ்வொரு மட்டையையும் பதிவேட்டோடை ஒப்பிட்டம். அறுபத்துநாலும் சரி. அதுதான் எனக்கு விசர் பிடிக்குது. மட்டை சரி, கட்டளை சரி, பட்டியல் மட்டும் பிழை."

"நான் எண்ணுறன்."

கமலாசனி சணலை அவிழ்த்துக் கட்டை நீட்டினாள். இராசமலர் கடதாசி உறையை நீக்கி, மேலே இருந்ததை ஒதுக்கி, கட்டைவிரலை எச்சிலில் தொட்டு, துணி மடிப்பு எண்ணுகிற வேகத்தில் எண்ணினாள். "இலாபம், ரெண்டு, மூண்டு, நாலு..." வியாபாரிகள் ஒன்று என்று தொடங்கமாட்டார்கள், இலாபம் என்றுதான் தொடங்குவார்கள். கடைசி மட்டை மேசையில் விழுந்தது. "அறுபத்துநாலு."

"நானும் ஒருக்கால் எண்ணட்டோ?" என்றான் மரியநேசன். எண்ணினான். "அறுபத்தஞ்சு."

"நீ கடற்கரையிலை மீன் எண்ணின ஆள். கூறுக்கு ஒண்டு கூடப் போட்டு எண்ணுவாய்."

"நீங்கள்தான் இலாபத்தை ஒண்டு எண்டு சேர்க்காமல் விட்டிருப்பியள்."

"பதினெட்டு வருசமாய் இலாபத்தைச் சேர்க்காமல் நான் கடை நடத்தினனானோ? திருப்பி எண்ணு."

எண்ணினான். அறுபத்தைந்து. அவள் எண்ணினாள். அறுபத்துநாலு. அருந்ததி எண்ணினாள். அறுபத்துநாலு. மயில்வாகனம் கூட ஆசைப்பட்டு எண்ணினார். அறுபத்துநாலு.

"மூண்டு பேருக்கு ஒரு கணக்கு, எனக்கு ஒரு கணக்கு," என்றான் மரியநேசன். "சரி, அக்கா, இன்னொருக்கால் எண்ணுங்கோ. இந்த முறை நான் மட்டையைப் பாக்கேல்லை. உங்கடை கையைத்தான் பாக்கப் போறன்."

அவள் கட்டைத் திரும்ப அடுக்கினாள். முதல் மட்டையை எடுத்து இடப்பக்கம் கவிழ்த்து வைத்தாள். "இலாபம்..."

"நில்லுங்கோ! உது என்ன?"

"எது?"

"இப்ப இடப்பக்கம் வைச்சியளே, உது."

இராசமலர் குனிந்து பார்த்தாள். "இதோ? இது பிள்ளையார் சுழி."

"பிள்ளையார் சுழிதான். அதை எழுதியிருக்கிறது எதிலை?"

வெளியே சோளகக் காற்று கூரைத் தகரத்தைத் தட்டியது. அது ஒரு மட்டை. மற்ற மட்டைகளின் அதே அளவு, அதே நிறம், ஒரு ஓட்டைகூட இல்லாத வெறும் மட்டை. நடுவில் ஊதா நிறத்தில் பெரிதாக ஒரு பிள்ளையார் சுழி.

"அது கணக்கிலை சேராதே..." என்று மயில்வாகனம் தொடங்கினார்.

"உங்கடை கணக்கிலை சேராது, ஐயா. எந்தக் கடதாசியை எடுத்தாலும் தலையிலை அது இருக்கும். நீங்கள் அதைத் தாண்டித்தான் வாசிப்பியள். காலமை மூண்டு பேர் தாண்டினியள், இப்ப எங்கடை அக்காவும் தாண்டினா. நாங்கள் எண்டால் சிலுவை போடுறனாங்கள். அதாலை என்ரை கண்ணிலை பட்டுது." மரியநேசன் அருந்ததியின் பக்கம் திரும்பினான். "அந்த இரும்பு தாண்டியிருக்குமோ?"

அருந்ததி கதிரையில் மெல்ல இருந்தாள். "தாண்டாது. அதுக்குப் பென்சிலும் தெரியாது, பிள்ளையாரும் தெரியாது. ஓட்டை இல்லாத மட்டை எங்களுக்கு வெறும் மட்டை. அதுக்குப் பூச்சியம். முதல் மட்டையை எடு, முதலாம் காணிக்குப் போடு எண்டு நான் சொன்னன். அது போட்டுது. பேந்து எல்லாரும் ஒண்டு தள்ளி..."

"கடைசி மட்டை நிலத்திலை," என்று முடித்தான் மரியநேசன்.

"அறுபத்துநாலாம் காணி முடிய நிண்டிட்டுது. கடைசி மட்டையை அது தொடவே இல்லை." அவள் தலையில் கை வைத்தாள். "இத்தினை நாளாய் எது குறைஞ்சது எண்டு தேடினனான். எது கூடினது எண்டு ஒருக்காலும் பாக்கேல்லை."

கமலாசனி மட்டும் சந்தோஷப்படவில்லை. "அக்கா, வெறும் மட்டை என்ரை மேசையிலைதான் இருக்கிறது. கட்டினதும் நான்தான். இதையும் நான்தான் வைச்சனான் எண்டுதானே சொல்லப்போகினம்?"

மயில்வாகனம் மறுக்கவில்லை. "தலைவர் விடமாட்டார், பிள்ளை. பூச்சியம் விழுந்தது அவருக்கு."

இராசமலர் மட்டையை வெளிச்சத்தில் பிடித்தாள். நாக்கில் தொட்டு எழுதும் கொப்பிப் பென்சில். சுழியின் வயிறு பூசணிக்காய் அளவு. வால் மட்டையின் அந்தம் வரை. கீழே இரண்டு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. "இது அவசரத்திலை எழுதின கை இல்லை. எதையும் துவக்கிவைக்கிறதுக்கு எண்டே பிறந்த ஒரு ஆள். கட்டுக் கட்டின அண்டைக்கு இஞ்சை ஆர் ஆர் வந்தவை, பிள்ளை?"

"கனபேர், அக்கா. கொழும்புக்குப் போற முதல் முழுக் கட்டு எண்டு வாய்க்கால் முழுக்க வந்து பாத்தது. சணல் எடுக்க நான் பின்னுக்குப் போனனான். ஆர் மேசைக்குக் கிட்ட நிண்டது எண்டு தெரியாது."

வாசலில் குடை தட்டும் சத்தம் கேட்டது. சங்கத் தலைவர் ஐயாத்துரை ஒரு மணித்தியாலம் முந்தியே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, தோளில் சால்வை, நெற்றியில் மூன்று விரல் திருநீறு. கதிரை தேடவில்லை, கதிரை தன்னைத் தேடி வரும் என்று நின்றார். மரியநேசன் கொண்டுவந்து போட்டான்.

"இன்னும் கையெழுத்து வைக்கேல்லையோ, மயில்வாகனம்? என்ரை பயிர் மஞ்சளாகுது."

"ஒரு சின்னச் சிக்கல், ஐயா," என்று இராசமலர் முந்திக்கொண்டாள். குரலில் நல்ல வாடிக்கையாளருக்குத் தேநீர் சொல்லும் இனிமை. மட்டை எப்போது அவள் சேலை மடிப்புக்குள் போனது என்று மரியநேசனுக்கே தெரியவில்லை. "நீங்கள் முறைப்பாட்டை வாயாலைதான் சொன்னியளாம். ஒரு ஆளின்ரை வேலையை எடுக்கிறது சின்ன விஷயமோ? எழுத்திலை வேணும். உங்கடை கையாலை எழுதினால்தான் அதுக்கு மதிப்பு."

கடைசி வசனம் வேலை செய்தது. ஐயாத்துரை தாளைத் தன் பக்கம் இழுத்தார். சட்டைப் பையிலிருந்து சின்னப் பென்சில் ஒன்றை எடுத்தார். நுனியை நாக்கில் தொட்டார். தாளின் தலையில் ஆறுதலாக ஒரு வயிறு வரைந்தார், வாலை நீட்டினார், கீழே இரண்டு கோடு இழுத்தார், இரண்டு புள்ளி வைத்தார். ஊதா நிறம்.

"காணும், ஐயா, இவ்வளவும் போதும்," என்றாள் இராசமலர்.

"என்ன காணும்? நான் இன்னும் துவங்கவே இல்லை!"

"நீங்கள் துவங்கினதுதான் எங்களுக்குத் தேவை." மட்டையை எடுத்து அவருடைய தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

இரண்டு சுழிகளும் ஒரு வயிற்றில் பிறந்த பிள்ளைகள் மாதிரிக் கிடந்தன. ஐயாத்துரை ஒன்றை மாறி ஒன்றைப் பார்த்தார். அவருடைய மேலுதட்டில் வியர்த்தது.

"ஓம், நான்தான் வைச்சனான்," என்றார் கடைசியில். "அண்டைக்கு இந்தப் பிள்ளை சணல் எடுக்கப் போன நேரம். கொழும்புக்குப் போற முதல் முழுக் கட்டு, நல்ல காரியம். சுழி இல்லாமல் எப்பிடி அனுப்புறது? எழுதின மட்டையிலை கீறக்கூடாது எண்டு வெறும் மட்டை ஒண்டு எடுத்தனான். அதுக்கென்ன இப்ப?"

"அதுக்கென்ன எண்டு காட்டுறம். மரியநேசா, நீ கொம்பியூட்டர்."

"பதவி உயர்வுக்கு நன்றி," என்று மரியநேசன் கட்டின் முன்னால் நிமிர்ந்து இருந்தான். "எனக்கு ஓட்டை மட்டும்தான் தெரியும். முதல் மட்டை: ஓட்டை இல்லை. முதலாம் காணி, ஐயாத்துரை, பூச்சியம். ரெண்டாவது மட்டை: எட்டு. ரெண்டாம் காணிக்கு எட்டு."

"எட்டு என்ரை!" ஐயாத்துரை கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"எனக்கு நீங்கள் ஆர் எண்டு தெரியாது, ஐயா. நான் இரும்பு. மூண்டாவது மட்டை..."

"காணும், காணும்." தலைவர் திரும்பவும் கதிரையில் இருந்தார். சின்னக் குரலில் கேட்டார்: "அப்ப பிள்ளையாரே என்ரை தண்ணியை மறிச்சவர்?"

"அவர் என்ன செய்வார், ஐயா? நீங்கள் கொண்டுபோய் இருத்தின இடத்திலை இருந்தார்," என்றான் மரியநேசன்.

"குறை என்னிலையும் இருக்கு," என்று அருந்ததி குறுக்கிட்டாள். "வாறதெல்லாம் சரியான மட்டை எண்டு நம்பி எழுதிப்போட்டன். எழுதின நான் அனுப்பினால் சரியாய்த்தான் அனுப்புவன்; மற்ற ஆக்கள் என்னென்ன மாதிரி அனுப்புவினம் எண்டு யோசிச்சிருக்கோணும். இனி ஒவ்வொரு மட்டையிலையும் காணி இலக்கத்தையும் ஓட்டையாய்க் குத்துவிப்பம். இலக்கம் பொருந்தாட்டி நில், ஆளைக் கூப்பிடு எண்டு எழுதுவன்."

"அதெல்லாம் அடுத்த போகத்துக்கு," என்றாள் இராசமலர். "இப்ப நாலு மணிக்கு வெளியிலை என்ன சொல்லப்போறியள், தலைவர் ஐயா?"

இனித்தான் உண்மையான பேரம் தொடங்கியது. இயந்திரம் பிழைவிட்டது என்று சொல்லுவோம் என்றார் ஐயாத்துரை. அருந்ததி கண்ணாடியைத் துடைத்த வேகத்தில் அந்த விலை படியாது என்று தெரிந்தது. கொழும்பில் பிழை என்று கொஞ்சம் இறங்கினார். இராசமலர் சுழி போட்ட இரண்டையும் கையில் எடுத்து, வாசற்படியில் காட்டினால் வெளிச்சம் நல்லாயிருக்கும் என்றாள். தபாலில் பிழை என்றார். அவள் எழும்பினாள். "சரி, சரி," என்றார் அவர். "கட்டிலை ஒரு மட்டை கூடிப்போச்சு, அது என்ரை கவனக்குறைவு, பிள்ளையின்ரை கையிலை பிழை இல்லை எண்டு சொல்லுறன். என்ன மட்டை எண்டு மட்டும் கேக்கவேண்டாம்." இராசமலர் கொஞ்சம் யோசிப்பது போல நின்று, தலையாட்டினாள். அவள் முதலிலேயே மனதில் வைத்திருந்த விலை அதுதான் என்று மரியநேசனுக்குத் தெரியும்.

நாலு மணிக்கு அதைத்தான் சொன்னார். சொன்ன விதத்தில் யாரும் நம்பவில்லை. "தலைவரையும் சரிக்கட்டியாச்சு" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. "மாமன்காரன் நல்லாய்க் கவனிச்சிருப்பான்" என்றது இன்னொன்று. மயில்வாகனம் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கிழிப்பதா கொடுப்பதா என்று இராசமலரைப் பார்த்தார். கமலாசனிக்குக் கண் கலங்கியது.

"பிள்ளை, அழுறதுக்கு நேரமில்லை," என்றாள் இராசமலர். "விடியத் துருசு திறக்கினம். கொழும்பிலை இருந்து புதுப் பட்டியல் வர ஒரு கிழமை. பதிவேட்டை எடு, வெளியிலை இருக்கிற கரும்பலகையிலை சரியான மணித்தியாலத்தை நீயே எழுது. எல்லாருக்கும் முன்னாலை."

கமலாசனி வெண்கட்டியை எடுத்தாள். முதலாம் காணி, எட்டு. ஐயாத்துரை மூச்சு விட்டார். இரண்டு, நாலு. மூன்று, ஆறு. சனம் கழுத்தை நீட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தன் வரிக்குக் காத்திருந்தது. அச்சில் தண்ணீர் கூடியிருந்தவர்கள் முணுமுணுத்தார்கள், குறைந்திருந்தவர்கள் தலையாட்டினார்கள். பதினாறு, ஒன்பது.

பதினேழு. அவள் கை ஒரு கணமும் தயங்கவில்லை. மூன்று.

"எடியே!" சனத்தை விலக்கிக்கொண்டு கட்டையான ஒரு மனிதர் முன்னால் பாய்ந்தார். கனகலிங்கம். தோளில் இருந்த துவாய் நிலத்தில் விழுந்தது. "ஒன்பது எண்டு அச்சிலை வந்ததை வெண்கட்டியாலை மூண்டாக்குறியோ? நீ எனக்கு மருமகளோ, வழக்காளியோ? ஒன்பதை நம்பிப் பக்கத்துத் தரிசையும் நேத்து உழுவிச்சிட்டன்! இனி என்ரை வீட்டுப் படி மிதிச்சுச் சாப்பிட வா பாப்பம்!"

பிறகு பின்னால் நின்ற ஒருவர் சிரித்தார். அது அப்படியே முன்னால் பரவி, கடைசியில் ஐயாத்துரை கூடச் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டார். தலைவர் சொல்லியும் நம்பாத சனம் மாமனின் வாயைக் கேட்டு நம்பிவிட்டது. மயில்வாகனம் கடிதத்தை நாலாய்க் கிழித்து வேட்டி மடிப்புக்குள் செருகிக்கொண்டார்.

"ஐயோ, அக்கா, நாங்கள் ரெண்டு மணித்தியாலம் துப்பறிஞ்சு கண்டுபிடிச்சதை இவர் ஒரு கத்தலிலை நிரூபிச்சிட்டார்," என்றான் மரியநேசன். இராசமலர் அவனைக் கவனிக்கவில்லை. கமலாசனியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் விடமாட்டன்," என்று கனகலிங்கம் இன்னும் கத்திக்கொண்டிருந்தார். "மனுப் போடுவன்!"

"போடுங்கோ, மாமா," என்றாள் கமலாசனி. "திங்கக்கிழமை காலமை எட்டரைக்குக் கந்தோர் திறக்கும். வாங்குறதுக்கு நான் இருப்பன்."

திரும்பிப் பதினெட்டாம் காணியை எழுதத் தொடங்கினாள்.